தட்டு முன்னால உட்காரும்போது

தங்கச்சி, போன வாரம் போன்ல அழுதியே, "பையனுக்கு நாலு வாய் இறங்க ரெண்டு மணி நேரம் ஆகுதுக்கா"ன்னு. அந்த ரெண்டு மணி நேரம் எப்படின்னு எனக்குத் தெரியும். என் மகனுக்கு ஆட்டிசம்னு சொன்னப்ப அவனுக்கு மூணு வயசு. அப்பளம், முறுக்கு, மொறுமொறு தோசை, இந்த மூணைத் தவிர எதையும் தொடமாட்டான். "பசிச்சா தானா தின்பான்"னு தெருவே சொல்லுச்சு. அதை நம்பிப் பட்டினி போட்டுறாத. இந்தப் பிள்ளைகள்ல சிலருக்குப் பசியே சரியாத் தெரியாது. சிலருக்குக் குழைவா ஏதாவது வாயில பட்டாலே குமட்டும். அது அடம் இல்ல.

முதல்ல உட்கார்ற விதத்தைப் பாரு. நம்ம வீடுகள்ல காலை நீட்டி, பிள்ளையை அதுமேல படுக்கப்போட்டு, சங்குல புகட்டுவாங்க. கழுத்து நிக்காத பிள்ளைக்கும் மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கும் அப்படிப் புகட்டினா மூச்சுக்குழாய்க்குள்ள போயிரலாம். அடிக்கடி வர்ற நெஞ்சுச்சளிக்கு அதுவே காரணமா இருக்கலாம். முதுகு நிமிர்ந்து, தலை லேசா முன்னால சாஞ்சு, பாதம் பதிஞ்சு இருக்கணும். என் மகனுக்கு நாற்காலியில கால் எட்டாது, ஆட்டிக்கிட்டே இருப்பான். ரெண்டு செங்கல்லை அடுக்கி, பழைய சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலையைக் கிழிச்சுச் சுத்தி, காலுக்குக் கீழ வச்சேன். அன்னைக்குத்தான் பத்து நிமிஷம் எந்திரிக்காம உட்கார்ந்தான்.

ஸ்பூன் சின்னதா, குழி அதிகம் இல்லாததா இருக்கட்டும். நாக்கு மேல வச்சு, அவன் உதட்டை மூடுறவரைக்கும் பொறு. மேல் உதட்டுல வழிச்சு விடாத.

புதுச் சாப்பாட்டுக்கு அவன் திங்கிறதுல இருந்தே பாதை போடு. மொறுதோசையை முதல்ல கொஞ்சமே கொஞ்சம் தடியா ஊத்தினேன். அது பழகின பிறகு நடுவுல மெத்துன்னு. அப்புறம் ஓரத்துல ஒரு சிட்டிகை பருப்புப் பொடி. ஒரு நேரத்துல ஒரு மாத்தம்தான். இட்லி வரைக்கும் வர ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. சிறுமலை வாழைப்பழத்தைத் தட்டு ஓரத்துல சும்மா வச்சேன். தள்ளிவிட்டான். அப்புறம் தொட்டான், மோந்தான், ஒருநாள் நக்கினான். எல்லாப் பிள்ளைகளுக்குமே ஒரு புது ருசி பத்துப் பதினைஞ்சு தடவை முன்னால வந்தாத்தான் பழகும். நம்ம பிள்ளைக்கு இன்னும் கூடவே ஆகும். பிடிச்ச சாப்பாட்டுக்குள்ள மருந்தையோ காயையோ ஒளிச்சு வைக்காத. கண்டுபிடிச்சிட்டான்னா அதையும் விட்டுருவான்.

தட்டை வீசினா, திட்டுறதுக்கு முன்னால ஒரு நோட்டு எடு. அதுக்கு முன்னால என்ன நடந்துச்சு, அவன் என்ன செஞ்சான், நாம என்ன செஞ்சோம்னு ஒரு வாரம் எழுது. எங்க நோட்டுல ரெண்டு விஷயம் தெரிஞ்சுச்சு. குக்கர் விசில் அடிக்கிறப்பதான் பாதித் தடவை வீசியிருக்கான். மீதித் தடவை, வீசினதும் சமாதானத்துக்கு நான் செல்போனைக் கொடுத்திருக்கேன். வீசினா செல்போன் வரும்னு நானே சொல்லிக்கொடுத்திருக்கேன்! இப்ப அவன் உட்காருறதுக்கு முன்னாலயே குக்கரை இறக்கிருவேன். "போதும்"னு உள்ளங்கையைக் காட்டச் சொல்லிக் கொடுத்தேன். காட்டினா அந்த நிமிஷமே தட்டை எடுத்துருவேன், இன்னும் ஒரு வாய்னு கெஞ்சுறதில்ல. எல்லாம் அரை மணி நேரத்துக்குள்ள. எலின் சாட்டர்னு அமெரிக்காவுல ஒரு உணவியல் நிபுணர் இதைப் பங்கு பிரிச்சே சொல்லியிருக்காங்க: என்ன, எப்ப, எங்கங்கிறது பெத்தவங்க பொறுப்பு, எவ்வளவுங்கிறது பிள்ளையோடது.

விழுங்கும்போது இருமல், சாப்பிட்டதும் தொண்டையில கரகரப்பு, எடை குறையுறது, இதுல எது இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேணாம், டாக்டரைப் பாரு. 1947-ல டாக்டர் சௌந்தரம் அம்மாவும் ஜி.ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கின காலத்துல இருந்து தாய் சேய் வைத்தியம் பார்க்கிற ஊர் நம்மளோடது. பிள்ளையைத் தூக்கிட்டுப் போக என்ன கூச்சம்? மாவட்ட இடையீட்டு சேவை மையம் பத்தியும் அரசு ஆஸ்பத்திரியில கேளு. அங்க, 2013-ல வந்த தேசிய குழந்தைகள் நலத் திட்டத்துல தெரபி இலவசம், 18 வயசு வரைக்கும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ளவங்களுக்கு நிராமயா மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபா வரைக்கும் இருக்கு. தெரபிச் செலவுக்கும் அதுல பங்கு உண்டு.

தெரபிக்குப் போகும்போது அவன் தினமும் சாப்பிடுற ஸ்பூன், தட்டு, ஒரு டப்பாவுல அவன் தோசை, அந்த நோட்டு, எல்லாத்தையும் எடுத்துக்கோ. வீட்ல சாப்பிடுறதை செல்போன்ல ஒரு வீடியோ பிடிச்சு வச்சுக்கோ. புது இடத்துல வாயே திறக்கமாட்டான். தெரபிஸ்ட் வீடியோவைப் பார்த்துத் தெரிஞ்சுக்குவாங்க.