ஊனுக்கு ஊன்

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

முன்னுரை

காளத்தி மலையில் இறைவனின் கண்ணில் குருதி வடியக் கண்ட திண்ணனார், பச்சிலை மருந்துகள் பயன்படாமற்போகவே, 'ஊனுக்கு ஊன்' என்னும் பழமொழியை நினைந்து தம் கண்ணையே பெயர்த்து அப்பினார் என்பது நாமெல்லாம் அறிந்த வரலாறு. அது பக்தியின் எல்லையைக் காட்டும் கதை என்றே நான் பள்ளியில் படித்தேன். அம்மொழி அறுவை மருத்துவத்திற்கும் பொருந்தும் என்பதைச் சென்ற ஆண்டு விடுமுறையில்தான் உணர்ந்தேன்.

திண்டிவனத்தில் வாழும் என் சின்னம்மாவிற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய் கண்டு, இடது மார்பகம் முழுவதும் அகற்றப்பட்டது. நோய் நீங்கிவிட்டது. ஆனால் சின்னம்மா திருமண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார். ரவிக்கைக்குள் பழந்துணியைச் சுருட்டி வைத்துக்கொள்வார். களை எடுக்கக் குனிந்தால் அது மேலேறிவிடும். பிறகு தாமே ஒரு துணிப்பை தைத்து, கனம் வேண்டும் என்று அதில் கேழ்வரகை நிரப்பிக்கொண்டார். ஒருநாள் துவைப்பதற்காக அதைப் பிரித்தபோது வியர்வை ஈரத்தில் கேழ்வரகு முளைவிட்டிருந்தது. அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலை அவர் கேட்டார்: "ஏம்மா, நீ உடம்பைப் பத்தித்தானே படிக்கிற? போனதைத் திரும்ப வைக்க முடியாதா?"

அக்கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

நோயும் கத்தியும்

இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. உலக நலவாழ்வு அமைப்பைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, அவ்வாண்டில் நம் நாட்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்கள் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர். ஏறத்தாழ 98,000 பேர் உயிரிழந்தனர்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் இந்நோய்க்கு ஒரு பேரறுவையை வகுத்தார். மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள மார்புத் தசைகளும் அக்குளின் நிணநீர்க் கணுக்களும் ஒருசேர அகற்றப்பட்டன. உயிர் பிழைத்தவர்கள் குழி விழுந்த மார்போடும் வீங்கிய கையோடும் வாழ்ந்தார்கள். பல பத்தாண்டுகள் இம்முறையே கோலோச்சியது. பின்னர் பெர்னார்டு ஃபிஷர் என்பவர் நடத்திய ஆய்வுகளின் முடிவுகள் 1985-இல் வெளிவந்தன. தொடக்க நிலையில் கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு அளித்தாலும், மார்பகம் முழுவதையும் நீக்கியவர்களுக்கு நிகராகப் பெண்கள் உயிர் வாழ்கின்றனர் என்பதை அவை காட்டின.

தமிழ்நாட்டில் இத்துறைக்கு வித்திட்டவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமே 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக மலர்ந்தது. 1955-இல் அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா 2021-இல் மறையும் வரை, 'புற்றுநோய் என்றால் சாவு' என்னும் அச்சத்தோடு போராடினார். ஆயினும் நம் பெண்கள் பலர் நோய் முற்றிய பிறகே மருத்துவரிடம் வருகின்றனர். ஆதலால் மார்பகம் முழுவதையும் அகற்ற வேண்டிய நிலை இன்றும் பலருக்கு நேர்கிறது.

மூக்கில் தொடங்கிய கலை

'பிளாஸ்டிக் சர்ஜரி' என்றதும், "பிளாஸ்டிக்கையா உள்ளே வைப்பாங்க?" என்று சின்னம்மா பதறினார். நம்மில் பலரும் அவ்வாறே எண்ணுகிறோம். பிளாஸ்டிக் என்பது உருவாக்குதல், வனைதல் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. குடம், வாளி செய்யும் பொருளுக்கு அப்பெயர் பிற்காலத்தில் வந்தது.

இக்கலையின் வேர் நம் நாட்டில் இருக்கிறது. அறுபட்ட மூக்கைக் கன்னத்துச் சதையால் சீரமைக்கும் முறையைச் சுசுருத சம்ஹிதை விளக்குகிறது. ஆங்கிலேயப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவரின் மூக்கைத் திப்பு சுல்தானின் வீரர்கள் அறுத்துவிட்டனர். பூனா பகுதியைச் சேர்ந்த நாட்டு மருத்துவர் ஒருவர் அவருடைய நெற்றித் தோலைக் கீழே திருப்பிப் புதிய மூக்கை அமைத்தார். இச்செய்தி 1794-இல் இலண்டன் இதழ் ஒன்றில் படத்துடன் வெளியாயிற்று. அதனைக் கண்ட கார்ப்யூ என்னும் மருத்துவர் 1814-இல் இலண்டனில் அதே முறையில் அறுவை செய்து வெற்றி கண்டார்.

இதன் அடிப்படை என்ன? நெற்றித் தோல் முழுவதுமாக வெட்டி எடுக்கப்படவில்லை. புருவங்களுக்கு நடுவே ஒரு காம்பு விடப்பட்டது. அதன் வழியே குருதி ஓடிக்கொண்டிருந்தது. புதிய இடத்தில் வேர் பிடித்த பின்னரே காம்பு அறுக்கப்பட்டது.

மல்லிகைக்குப் பதியம் போடுவதை நாம் கண்டிருக்கிறோம். கொடியைத் தாய்ச்செடியிலிருந்து அறுக்காமலே வளைத்து மண்ணில் புதைக்கிறோம். வேர்விட்ட பிறகுதான் வெட்டுகிறோம். காம்புள்ள சதையை இடம் மாற்றுவதும் பதியம் போடுவதே! இவ்வாறு குருதிக்குழாயுடன் பெயர்க்கப்படும் திசுவை 'மடல்' எனலாம். மெல்லிய தோலை மட்டும் சீவி ஒட்டும் 'ஒட்டு' வேறு. அது ஒட்டிய இடத்திலிருந்து ஊறும் குருதியை நம்பியே பிழைக்கும். கனமான சதை அவ்வாறு பிழைக்காது.

முதுகிலிருந்தும் வயிற்றிலிருந்தும்

மார்பகத்திற்குத் தன் ஊனையே பயன்படுத்திய முன்னோடி ஜெர்மானிய மருத்துவர் செர்னி. 1895-இல் ஒரு நடிகைக்குக் கட்டி நீக்கியதால் ஏற்பட்ட பள்ளத்தை, அவருடைய இடுப்புப் பகுதியில் இருந்த கொழுப்புக் கட்டியை எடுத்தே நிரப்பினார். இத்தாலியரான டான்சினி முதுகின் அகன்ற தசையை மேல்தோலுடன் அக்குள் வழியாக முன்புறம் கொண்டுவந்து மார்புப் புண்ணை மூடும் முறையை 1906-இல் விளக்கினார். ஹால்ஸ்டெட்டின் செல்வாக்கினால் அம்முறை மறக்கப்பட்டு, 1970-களில்தான் மீண்டும் உயிர்பெற்றது.

1982-இல் அமெரிக்காவின் ஹார்ட்ராம்ப், கொப்பூழுக்குக் கீழுள்ள தோலையும் கொழுப்பையும் வயிற்றின் நேர்தசையோடு சேர்த்து, தோலுக்கடியில் ஒரு சுரங்கம் அமைத்து மார்புக்குக் கொண்டுவந்தார். வயிற்றுக் கொழுப்பு மென்மையாலும் கனத்தாலும் மார்பகத்தை ஒத்திருப்பது இதன் சிறப்பு. ஆனால் தசையை இழந்த வயிற்றுச் சுவர் வலுவிழக்கும். சிலருக்குக் குடல் பிதுக்கமும் தோன்றும்.

1989-இல் சப்பானியரான கோஷிமா இதற்கு வழி காட்டினார். தசையை ஊடுருவிச் செல்லும் நுண்ணிய குழாய்களை மட்டும் பிரித்தெடுத்தால் தசையை விட்டுவிடலாம் என்று கண்டார். 1994-இல் அமெரிக்காவின் ராபர்ட் ஆலன் இம்முறையால் மார்பகம் அமைத்ததை வெளியிட்டார்.

இதனைப் பதியம் என்று சொல்லக்கூடாது. வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடுவது என்றே சொல்ல வேண்டும். ஏனெனில் இங்கே காம்பு முற்றிலும் அறுக்கப்படுகிறது. மடலுடன் வந்த தமனியும் சிரையும் மார்பெலும்பின் ஓரமாக ஓடும் குழாய்களோடு நுண்ணோக்கியின் கீழ் இணைக்கப்படுகின்றன. அக்குழாய்களின் விட்டம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். தைக்கும் இழையோ தலைமுடியினும் மெல்லியது. அறுவை ஆறு, எட்டு மணி நேரமும் நீடிக்கலாம். முதல் சில நாட்கள் மடலின் நிறத்தையும் வெப்பத்தையும் செவிலியர் மணிக்கொரு முறை பார்க்கின்றனர். குழாயில் குருதி உறைந்தால் உடனே மீண்டும் அறுவை அறைக்குச் செல்ல வேண்டும். தேர்ந்த கைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்ட மடல்கள் பிழைக்கின்றன.

வரவும் செலவும்

தன் ஊனால் அமைந்த மார்பகம் உடலோடு வாழ்கிறது; உடல் பெருத்தால் தானும் பெருக்கிறது. சிலிக்கோன் பை வைக்கும் அறுவை எளிது, விரைவானது. ஆனால் காலப்போக்கில் அதனை மாற்ற நேரலாம். கதிர்வீச்சு பட்ட மார்பில் அதற்குத் தொல்லைகளும் மிகுதி. அத்தகைய இடத்தில் தன் ஊனே சிறந்தது.

எனினும் மிகைப்படுத்திக் கூறலாகாது. புதிய மார்பகத்தில் பால் சுரக்காது. தொடுவுணர்வு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். காம்பினைப் பின்னர்ச் சிறு அறுவையால் அமைத்துப் பச்சை குத்துவதுபோல் நிறமூட்டுகின்றனர். வயிற்றின் குறுக்கே நீண்ட தழும்பு நிலைக்கும். கட்டுப்படாத நீரிழிவு உடையவர்க்கும் புகைப்பவர்க்கும் இடர் மிகுதி. மகப்பேற்று அறுவைத் தழும்பு பெரும்பாலும் தடையாவதில்லை.

சீரமைப்பினால் புற்றுநோய் மீண்டும் வரும் என்ற அச்சத்திற்கு ஆதாரம் இல்லை. மார்பகத்தை அகற்றும்போதே சீரமைக்கலாம். சிகிச்சைகள் முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் செய்யலாம். இவ்வொரு செய்தியே சின்னம்மாவின் கேள்விக்குப் போதுமான விடை. ஆனால் அறுவைக்கு முன்போ பின்போ இதனை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அழகா, தேவையா?

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரித் துறையில் மார்பகச் சீரமைப்புக்கென இலவசப் பிரிவு தொடங்கப்பட்டபோது, ஏழைகளுக்கு அழகு சிகிச்சை எதற்கு என்ற வாதம் எழுந்தது. அமெரிக்காவிலோ, மார்பக அறுவைக்குப் பணம் தரும் காப்பீடு சீரமைப்புக்கும் தரவேண்டும் என்று 1998-இலேயே சட்டம் இயற்றப்பட்டது.

உடைந்த காலுக்கு மாவுக்கட்டுப் போடுவதை அழகு என்று நாம் சொல்வதில்லை. முளைவிட்ட கேழ்வரகுப் பையைக் கண்ட எனக்கு இதனையும் அழகு என்று ஒதுக்க மனம் வரவில்லை. ஒரு பெண், 'எனக்கு இது வேண்டாம்' என்று சொன்னால் அதுவும் முறையே. மார்பகம் இல்லாததால் பெண்மை குறைந்துவிடாது. ஆனால், 'வேண்டாம்' என்று சொல்வதற்கும் அப்படி ஒன்று இருப்பது முதலில் தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

முடிவுரை

பொங்கல் விடுமுறையில் திண்டிவனம் சென்றபோது, குறிப்பேட்டில் படம் வரைந்து இவற்றையெல்லாம் சின்னம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே: "அப்புறம் குடம் தூக்க முடியுமா? குனிஞ்சு களை எடுக்க முடியுமா?"

நான் படித்த எதிலும் இக்கேள்வி இவ்வளவு தெளிவாக எழுப்பப்படவில்லை. தசையை எடுக்கும் முறைக்கும் தசையை விட்டுவைக்கும் முறைக்கும் உள்ள வேறுபாடு ஏட்டில் ஒரு வரி. உடலால் உழைத்து உண்பவர்க்கு அதுவே வாழ்க்கை. முதுகுத் தசையை எடுத்தால் கிணற்றில் நீர் இறைக்கும் கை என்னாகும், வயிற்றுத் தசையை எடுத்தால் மூட்டை தூக்கும் இடுப்பு என்னாகும் என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். எழுந்து நடமாடச் சில நாட்கள் போதும். கனம் தூக்கப் பல வாரங்கள் காத்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

சற்று நேரம் யோசித்துவிட்டு, "மல்லாட்டை புடுங்கி முடியட்டும் பாப்பா. அப்புறம் ஒரு நாள் போய்க் கேட்டுட்டு வருவோம். நீயும் கூட வா," என்றார்.

புதுவை ஜிப்மர் மருத்துவமனை திண்டிவனம் சாலையிலேயே, கோரிமேட்டில் இருக்கிறது. முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி 2010 முதல் இயங்குகிறது. முதலில் எங்கே கேட்பது என்பதைச் சின்னம்மாவே முடிவு செய்வார். அவர் சம்மதிப்பாரா, மறுப்பாரா என்பது எனக்குத் தெரியாது. கேட்க வேண்டிய கேள்விகளைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். குடம் தூக்குவது பற்றியதே முதற்கேள்வி.

உடன் பயிலும் தோழியரே, தோழர்களே! மார்பகத்தில் வலியில்லாத கட்டி தென்பட்டாலும் நாணத்தால் மறைக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டும்படி வீட்டிலுள்ள பெண்களுக்குச் சொல்லுங்கள். அறுவை தேவை என்று மருத்துவர் சொன்னால், அதன்பின் சீரமைக்க இயலுமா என்பதையும் அன்றே கேட்கச் சொல்லுங்கள்.