கப்பலேறிப் போனவர்களைத் தேடப் புறப்படும் உனக்கு

கண்ணே, நம் செங்கல்பட்டுச் சீமையிலிருந்து கடல் கடந்து போன குடும்பங்களைத் தேடப்போகிறேன் என்றாய். இந்தத் தேடலிலேயே நரைத்தவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. ‘எங்கே போனார்’ என்பதற்கு முன் ‘ஏன் போனார்’ என்று கேள். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதியே பஞ்சக் கூலிகள் வெட்டியதுதான். அந்தப் பசியை அறியாமல் அவர்கள் பயணத்தை எழுதாதே.

2. பசியோடு நின்றுவிடாதே. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கையைப் படி. சேரியில் குடியிருந்த மனைகூடத் தமக்குச் சொந்தமில்லாமல் பண்ணையாட்கள் பட்ட பாடு அதில் இருக்கிறது. நிற்க நிலமில்லாதவரைப் பேராசைக்காரர் என்று சொல்லிவிடாதே.

3. பழைய கப்பல் பதிவேட்டில் ‘செங்கல்பட்டு’ என்று கண்டதும் துள்ளாதே. அன்றைய மாவட்டத்தில் பொன்னேரியும் திருவள்ளூரும் காஞ்சிபுரமும் அடக்கம். அது 1997இல் பிரிந்தது. இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் பிறந்தது 2019இல். ஆகவே தாலுகாவைப் பார், பிறகு கிராமத்தைப் பார். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயரை வாய்விட்டுப் படி. திருக்கழுக்குன்றம் பக்கத்துப் பெரியவர் யாராவது அடையாளம் சொல்லிவிடுவார்.

4. பொறுமையை விட்டால் பொய்யான பாட்டன் கிடைப்பான். 1860 அக்டோபரில் ஒப்பந்தக் கூலிகளோடு சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் நேட்டாலை அடைந்தது. 1911 வரை சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் அங்கே போனார்கள். அவர்களில் எத்தனை முனுசாமிகள்! தகப்பன் பெயர், வயது, ஊர் மூன்றும் பொருந்தும்வரை காத்திரு. மொரிஷியஸ் போனவர் என்றால், மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பழைய பதிவேடுகள் இருக்கின்றன.

5. கண்டதை மறைக்காதே. ஒரு வீட்டில், தனியாகக் கப்பலேறிய கொள்ளுப்பாட்டியின் பெயரை வம்சாவளியில் சேர்க்க வேண்டாம் என்றார்கள் ஆண்கள். “அவ பொழைச்சதாலதான் நாம இருக்கோம், எழுதும்மா” என்றாள் அந்த வீட்டுக் கிழவி. பதிவேட்டின் சாதிப் பத்தியில் உள்ளதையும் அப்படியே பதிந்து வை. அவமானம் கப்பலேறியவர்களுடையது அல்ல.

6. போனவர்களுக்கு இங்கே உடன்பிறந்தார் உண்டு. காகிதத்தோடு நிற்காமல் அந்த ஊருக்கு நடந்து போ. குலதெய்வம் எது என்று விசாரி. கிடைத்ததை இரு கரைக்கும் எழுதிக் கொடு. பிரிந்த குடும்பத்தின் கதை இருவருக்கும் பொதுச்சொத்து. ஒருவரிடம் மட்டும் சேர்த்தால் வேலை பாதிதான் முடிந்தது.