சாவி கைக்கு வரும்முன்

நுழையும்முன்

மேல்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்கும் பருவம், முதல் வண்டியைப் பற்றிய கனவு முளைக்கும் பருவமும் ஆகும். ‘எந்த வண்டி வாங்குவது?’ என்று எல்லாரும் கேட்கின்றனர், ‘எப்படிப் பழகுவது?’ என்று சிலரே கேட்கின்றனர். மலையும் சமவெளியும் அடுத்தடுத்து அமைந்த கம்பம் பள்ளத்தாக்கின் சாலைகளைக் களமாகக் கொண்டு, இவ்விரு கேள்விகளுக்கும் விடை தேடுகிறது இப்பாடம்.

தேனி மாவட்டத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நான் பணியாற்றிய காலத்தில் நடந்தது இது. பன்னிரண்டாம் வகுப்பில் மூன்றாம் வரிசையில் அமரும் மாணவன் ஒரு திங்கட்கிழமை வரவில்லை. முந்தைய நாள் அண்ணனின் வண்டியில் மலைச்சாலை ஏறியவன், இறங்கும்போது வளைவில் சரிந்து காலெலும்பு முறிந்து மருத்துவமனையில் இருப்பதாக உடன் பயில்வோர் கூறினர். மூன்று மாதங்களுக்குப்பின் ஊன்றுகோலுடன் வகுப்பிற்கு வந்தான். “உனக்குத்தான் வண்டி ஓட்டத் தெரியுமேப்பா?” என்று கேட்டேன். தலையைத் தாழ்த்திக்கொண்டு, “ஓட்டத் தெரியுங்கய்யா, நிப்பாட்டத்தான் தெரியலை” என்றான்.

வண்டியைத் தேர்ந்தெடுப்பதற்கும் ஓட்டிப் பழகுவதற்கும் உரிய அளவுகோல் அந்த விடையிலேயே இருக்கிறது.

பள்ளத்தாக்கின் சாலைகள்

மேற்கே ஏலமலையும் கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளும் காவல் நிற்க, முல்லைப் பெரியாற்று நீரால் செழிக்கும் நிலம் கம்பம் பள்ளத்தாக்கு. லோயர் கேம்பில் தொடங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வழியாகத் தேனி வரை நெல்வயலும் திராட்சைப் பந்தலும் தென்னந்தோப்பும் சாலைக்கு இருபுறமும் விரிந்துள்ளன. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, மேகமலை ஆகிய இடங்களுக்குச் செல்லும் மலைச்சாலைகள் இச்சமவெளியிலிருந்து மேலேறுகின்றன. போடிமெட்டுச் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன.

இங்கு இருசக்கர ஊர்தி ஆடம்பரப் பொருள் அன்று. விடியலில் பால் கேனைச் சுமப்பதும், தோட்டத்திற்கு உரமூட்டையைக் கொண்டு சேர்ப்பதும், பேருந்து வராத சிற்றூரிலிருந்து பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புவதும் அதுவே. எனவே, வண்டியே வேண்டா என்று இளைஞரிடம் கூறுவது பயன் தராது. அவர்கள் எப்படியும் ஓட்டப்போகிறார்கள். நன்றாக ஓட்ட வேண்டும் என்பதே நம் கவலை.

இச்சாலைகளுக்கெனச் சில இடர்கள் உண்டு. அறுவடைக் காலத்தில் சாலையில் பரப்பிய வைக்கோல், சக்கரத்திற்குப் பிடிமானம் தராது. மலைமாட்டு மந்தை ஒன்று வளைவிற்கு அப்பால் சாலையை அடைத்து நிற்கலாம். ஆனி, ஆடி மாதங்களில் கணவாய் வழியே பாயும் காற்று, இலேசான வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். பின்விளக்கு இல்லாத டிராக்டர் இருளில் கண்ணுக்குத் தெரியாது. கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலை செல்வோரின் ஊர்திகள் கம்பத்துச் சாலையை நிறைத்துவிடும். இவற்றுள் எதுவும் வேகத்தால் வெல்லத்தக்கது அன்று. உரிய நேரத்தில் நிறுத்தும் திறனே காக்கும்.

நிறுத்தும் தொலைவு

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 11 மீட்டரைக் கடக்கிறது. குறுக்கே வரும் ஆட்டைக் கண் கண்டு, மூளை உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி ஆகும் எனக் கொள்வோம். அதற்குள் 11 மீட்டர் கடந்துவிடும். உலர்ந்த தார்ச்சாலையில் சீராகப் பிரேக் பிடித்தபின்னும் வண்டி நிற்க ஏறத்தாழ 12 மீட்டர் தேவை. ஆக, 23 மீட்டர். வேகம் 60 கி.மீ. ஆனால், முதல் நொடியில் 17 மீட்டரும் பிரேக் பிடித்தபின் 28 மீட்டருமாக 45 மீட்டர் தேவைப்படும். வேகம் ஒன்றரை மடங்கானால் நிறுத்தும் தொலைவு ஏறத்தாழ இரு மடங்காகிறது. மழை பெய்த சாலையில் இது மேலும் நீளும். முன்செல்லும் லாரிக்கும் நமக்கும் இடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை இக்கணக்கே உணர்த்தும்.

தெரியுமா?

1955ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தால் ‘புல்லட்’ தமிழ்நாட்டில் உருவாகும் வண்டியானது. 1980ஆம் ஆண்டில் ஓசூர் ஆலையிலிருந்து இருவர் அமர்ந்து செல்லத்தக்க ‘டி.வி.எஸ். 50’ வெளிவந்தது. மொபெட் என்னும் அச்சிறிய வண்டி உழவரின் சுமைவண்டியாகச் சிற்றூர்களில் நிலைபெற்றது.

எவ்வண்டி ஏற்ற வண்டி?

முதல் வண்டியைப் பெரும்பாலோர் கண்ணால் தேர்ந்தெடுக்கின்றனர். காலால் தேர்ந்தெடுப்பதே முறை. இருக்கையில் அமர்ந்ததும் இரு பாதங்களும் தரையில் உறுதியாகப் பதிய வேண்டும். பின்னர், வண்டியைக் கையால் தள்ளி, திருப்பி நிறுத்திப் பார்க்க வேண்டும். 100 சி.சி. திறனுள்ள வண்டிகள் பலவும் ஏறத்தாழ 110 கிலோ எடை கொண்டவை, 350 சி.சி. வண்டிகள் 180 கிலோவையும் தாண்டும். சரிவில் சாயும் வண்டியைப் புதியவரால் தாங்க முடியுமா என்பதே கேள்வி. சாலைக்கும் வேலைக்கும் 100 முதல் 125 சி.சி. வரை உள்ள வண்டி தொடக்கத்திற்குப் போதும்.

அடுத்துக் காணவேண்டியது பிரேக். 2019 ஏப்ரல் முதல், புதிய வண்டிகளில் 125 சி.சி.க்கு மேற்பட்டவற்றிற்குச் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும், 125 சி.சி. வரை உள்ளவற்றிற்கு இரு பிரேக்குகளையும் இணைத்து இயக்கும் சி.பி.எஸ். அமைப்போ ஏ.பி.எஸ். அமைப்போ கட்டாயம்.

பழைய வண்டி வாங்குவோர், பதிவுச் சான்றிலுள்ள எண்ணும் வண்டியின் சட்டத்தில் பொறித்த எண்ணும் ஒத்துள்ளனவா எனப் பார்க்க வேண்டும். தவணைக் கடன் தீர்ந்திருக்கிறதா, காப்பீடு நடப்பில் உள்ளதா என்று கேட்க வேண்டும். டயரின் பள்ளங்கள் தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தாலும், முன்பக்கச் சஸ்பென்ஷன் குழாயில் எண்ணெய் கசிந்திருந்தாலும் சரிசெய்யாமல் ஓட்டலாகாது. வாங்கிய 30 நாள்களுக்குள் பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். தலைக்கவசத்தின் விலையையும் வண்டியின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

சட்டம் காக்கும் வயது

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன்படி, 16 வயது நிறைந்தோர் 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியை மட்டுமே உரிமம் பெற்று ஓட்டலாம். இன்று வீடுகளில் உள்ள பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சி.சி.க்கு மேற்பட்டவை. கியர் இல்லை என்பதனால் மட்டும் அவை பள்ளி மாணவர்க்கு உரியவை ஆகா. அவற்றிற்கு 18 வயது நிறைய வேண்டும்.

2019ஆம் ஆண்டுத் திருத்தம், சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரையோ வண்டியின் உரிமையாளரையோ பொறுப்பாக்குகிறது. 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் விதிக்கப்படலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு நீக்கப்படும். ஓட்டிய சிறார் 25 வயது வரை பழகுநர் உரிமம் பெற இயலாது. மகன் கேட்கிறானே என்று பாசத்தோடு சாவியைக் கொடுக்கும் தந்தை, தம் கையாலேயே அவன் உரிமத்தை ஏழாண்டுகள் தள்ளிவைக்க நேரலாம்.

எட்டுப் போடுதல்

பழகுநர் உரிமம் 6 மாதங்கள் செல்லும். அதைப் பெற்று 30 நாள்கள் கழித்து ஓட்டுநர் தேர்வுக்குச் செல்லலாம். இக்காலத்தில் சிவப்பு நிற ‘எல்’ எழுத்துப் பலகையுடன் பழக வேண்டும்; கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு எவரையும் பின்னால் ஏற்றலாகாது.

பழகுதல் ஆளரவமற்ற திடலில் தொடங்க வேண்டும். கிளட்சை மெல்ல விட்டு வண்டியை நகர்த்துதல், பத்தடி சென்று நிறுத்துதல், மீண்டும் நகர்த்துதல் என முதல் வாரம் முழுதும் இதுவாகவே இருக்கலாம். பிறகு இரு பிரேக்குகளையும் சேர்த்துப் பிடிக்கப் பயில வேண்டும். பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்தின்மேல் சாய்வதனால், நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன்பிரேக்கிற்கே உண்டு. அதைத் திடீரென இறுக்காமல் படிப்படியாக அழுத்துவதே கைப்பழக்கம்.

தேர்வில் ‘எட்டுப் போடுவதை’ வெறும் சடங்கென எண்ணுவோர் உளர். காலைத் தரையில் ஊன்றாமல் எட்டு வடிவப் பாதையில் செல்ல, மெதுவேகத்தில் சமநிலை வேண்டும். கிளட்ச் கைக்குள் அடங்க வேண்டும். பார்வை செல்ல வேண்டிய திசையில் திரும்ப வேண்டும். விரைந்து செல்லும் வண்டி ஓரளவு தானே நிமிர்ந்து நிற்கும். மெல்லச் செல்லும் வண்டியை ஓட்டுபவரே நிமிர்த்த வேண்டும். திடலில் வரைந்த எட்டின் ஒரு பாதியைத்தான் கொண்டை ஊசி வளைவில் மீண்டும் காண்கிறோம்.

ஏற்றமும் இறக்கமும்

சமவெளியில் நன்கு பழகியபின்னரே மலைச்சாலைக்குச் செல்ல வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதே கடினம். பெட்ரோலை மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்தோ நியூட்ரலில் விட்டோ இறங்கும் வழக்கம் உயிருக்கே உலை வைக்கும். அப்போது சுமை முழுதும் பிரேக்கின்மேல் விழும். பிரேக் சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்குவது நல்ல விதி. எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். வளைவிற்குள் நுழைந்தபின் பிரேக் பிடிக்காமல், நுழையும்முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். இடப்பக்கத்தை விடலாகாது. பேருந்து திரும்ப முழு வளைவும் தேவைப்படும் என்பதால் அதற்கு வழிவிட்டுக் காத்திருக்க வேண்டும். குறுகிய சாலையில் ஏறிவரும் ஊர்திக்கு இறங்குபவர் இடம் தருவதே முறை. மூடுபனியில் முகப்பு விளக்கைத் தாழ்த்தி எரியவிட வேண்டும். உயர்த்தினால் பனியே ஒளிர்ந்து கண்ணை மறைக்கும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசத்தை ஓட்டுபவரும் பின்னமர்பவரும் அணிந்து, கழுத்துப் பட்டையைப் பூட்ட வேண்டும். பூட்டாத கவசம் விழும்போது தலையை விட்டுப் பறந்துவிடும். பின்னமர்பவரின் சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காமல் செருகப்பட்டுள்ளனவா எனப் புறப்படும்முன் பார்ப்பது ஓட்டுபவரின் கடமை.

தெரிந்து தெளிவோம்

விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுவோரை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134அ பிரிவு காக்கிறது. உடனே 108ஐ அழைக்கலாம். 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்திற்குக் கட்டணமின்றி மருத்துவம் அளிக்க வகைசெய்கிறது.

நிறைவாக

ஊன்றுகோலுடன் வந்த அம்மாணவன் தேர்வெழுதித் தேறினான். பதினெட்டு நிறைந்தபின் முறையாகப் பழகி உரிமம் பெற்று, பழைய 100 சி.சி. வண்டி ஒன்றை வாங்கினான். ஒருநாள் மாலை பள்ளி வாயிலில் எனக்குப் பத்தடி முன்பாகவே ஓசையின்றி வண்டியை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றிச் சிரித்தான். அவன் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

உங்கள் வீட்டிலும் ஒருநாள் வண்டிப் பேச்சு எழும். எவ்வளவு வேகம் போகும் என்று அப்போது பலரும் கேட்பர். எவ்வளவு தொலைவில் என்னால் நிறுத்த முடியும் என்று நீங்கள் கேளுங்கள். அதற்கு விடை சொல்லத் தெரிந்த கைக்கே சாவி உரியது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலிருந்து பள்ளிக்கு வரும் சாலையின் வரைபடத்தை வரைந்து, கவனம் தேவைப்படும் இடங்களைக் காரணத்துடன் குறிக்க.

2. பள்ளித் திடலில் 23 மீட்டரையும் 45 மீட்டரையும் அளந்து கோடிட்டு, இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி வகுப்பில் கலந்துரையாடுக.

3. பதினேழு வயதுத் தம்பி வண்டிச் சாவி கேட்கிறான், அக்கா மறுக்கிறார். இருவரின் உரையாடலை எழுதுக.

மதிப்பீடு

குறுவினா: மலைச்சாலையில் நியூட்ரலில் இறங்குவது ஏன் தீங்கானது?

சிறுவினா: ‘முதல் வண்டியைக் காலால் தேர்ந்தெடுக்க வேண்டும்’ – இத்தொடரை விளக்குக.

நெடுவினா: ‘ஓட்டத் தெரிவது என்பது நிறுத்தத் தெரிவதே’ – பாடக் கருத்துகளைக் கொண்டு நிறுவுக.