கண்ணுக்குத் தெரிந்தும் தேடலில் சிக்காத சொல்

அன்புள்ள வாசகருக்கு,

கோப்பில் 'கொடி' என்ற சொல் கண்ணெதிரே இருக்க, ஈமேக்ஸ் எடிட்டரின் தேடலோ அப்படியொன்று இல்லை என்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தட்டச்சில் பிழையில்லை. யூனிகோடில் 'கொ'வை இரண்டு வகையாக எழுதலாம். ஒகரக் குறி முழுவதையும் ஒரே குறியீடாகப் போடலாம். ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறியீடுகளாக அடுத்தடுத்தும் போடலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. இரண்டும் சமம் என்பதுதான் யூனிகோடின் விதி. ஆனால் சாதாரணத் தேடல் குறியீடுகளை அப்படியே ஒப்பிடுவதால் ஒன்றைக் கேட்டால் மற்றது கிடைக்காது. 'கௌதமன்' இன்னும் சிக்கல். பலர் அதைக் கொம்பும் ளகரமும் போட்டு 'கெளதமன்' என்று அடித்துவிடுகிறார்கள். இதற்கு யூனிகோடு விதியும் கைகொடுக்காது.

இதற்காக எடிட்டரை மாற்ற வேண்டாம், ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். நாம் தேடும் சொல்லை வாங்கி ஒரு ரெகெக்ஸாக, அதாவது பல வடிவங்களுக்கும் பொருந்தும் தேடல் கோவையாகத் திருப்பித் தரும் ஃபங்ஷனை ஈமேக்ஸ் ஏற்றுக்கொள்ளும். 2016இல் வந்த 25ஆம் பதிப்பிலிருந்து அதையே வழக்கமான தேடலாகவும் வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஃபங்ஷன் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளைக் கண்டால் 'இதுவோ அதுவோ' என்று இரு வடிவங்களையும் எழுதித் தரட்டும். மற்ற எழுத்துகளைத் தொட வேண்டாம்.

அடுத்த படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. 'மரம்' என்று தேடினால் 'மரத்தில்', 'மரங்கள்' வராது. சொல் 'ம்' என்று முடிந்தால் அதை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் 'ம' அல்லது 'த்த' அல்லது 'ங்க' வரலாம் என்று எழுதுங்கள். புள்ளியில்லாத 'ம' போட்டால் 'மரமும்', 'மரமாக' இரண்டும் சேர்ந்து அகப்படும். 'வீடு' போன்றவற்றுக்கு 'டு' அல்லது 'ட்ட'. வேண்டாத சொற்களும் கொஞ்சம் வரும் என்பதால் இதை மட்டும் தனி விசையில் வையுங்கள். எப்போதும் இயங்க விடாதீர்கள்.

இதையே பைத்தானில் எழுதினால் ஒரு எச்சரிக்கை. அதன் வழக்கமான ரெகெக்ஸ் நூலகம் புள்ளியையும் உயிர்க்குறிகளையும் சொல்லின் பகுதியாகக் கருதுவதில்லை. 'முழுச்சொல் மட்டும்' என்று கேட்டால் 'மரம்' கிடைக்கவே கிடைக்காது. சொல்லின் எல்லையை வெற்றிடம், நிறுத்தற்குறிகளைக் கொண்டு நீங்களே வரையறுங்கள்.

'ஆறு', 'ஆற்றில்' வகைக்கான விதியையும் எழுதிப் பாருங்கள். எங்காவது தட்டினால் ஸ்கிரிப்டை அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.