கெளுத்தி மீனுக்கு எவ்வளவு சக்தி தேவை?

நமது பகுதியில் குட்டை வெட்டி மீன் வளர்க்கும் சகோதரர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்பது இது: "புரதம் கூடுதலான தீவனம் வாங்கிப் போட்டால் மீன் சீக்கிரம் வளருமா?" மீன் வளர்ப்புச் செலவில் பாதிக்கும் மேல் தீவனத்திற்கே போகிறது. கடன் வாங்கித் தொழில் செய்யும் குடும்பத்திற்கு இது சிறிய விஷயம் அல்ல. ஆகவே இந்த இதழில் இதை விளக்குகிறோம்.

மீன் தின்பதில் ஒரு பங்கு நீந்தவும், சுவாசிக்கவும், செரிக்கவும் செலவாகிறது. மீதியில்தான் உடல் வளர்கிறது. ஆடு மாடுகளைப் போல உடல் சூட்டைக் காக்க மீன் சக்தியைச் செலவிடுவதில்லை. தண்ணீரின் சூடே அதன் சூடு. அதனால் நன்கு பராமரித்தால் சுமார் 2 கிலோ தீவனத்தில் 1 கிலோ கெளுத்தி கிடைத்துவிடும்.

சக்தி தருபவை புரதம், மாவுச்சத்து, கொழுப்பு ஆகிய மூன்றும்தான். மாவுச்சத்தைவிடக் கொழுப்பு இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி தரும். தீவனத்தில் இவ்விரண்டும் குறைந்தால் மீன் புரதத்தையே எரித்துவிடும். விலை கூடிய புரதம் விறகாகிப் போகிறது. அதன் கழிவான அம்மோனியா செவுள் வழியே வெளியேறித் தண்ணீரைக் கெடுக்கிறது. மீன் நோயில் விழுகிறது.

சக்தி மிகுந்தாலும் நட்டம்தான். வளர்ச்சிக்கு வேண்டிய புரதம் சேருமுன்பே மீன் இரை எடுப்பதை நிறுத்திவிடும். வயிற்றில் கொழுப்புக் கட்டும். தராசில் எடை காட்டும். சுத்தம் செய்தால் சதை குறையும்.

அமெரிக்காவின் மிசிசிப்பி, அலபாமா மாநிலங்களில் வளர்க்கப்படும் சேனல் கெளுத்தியில் இது நன்கு ஆராயப்பட்டுள்ளது. அதற்கு 1 கிராம் புரதத்திற்குச் செரிக்கத்தக்க சக்தி 8 முதல் 10 கிலோ கலோரி வரை வேண்டும். 28 விழுக்காடு புரதமுள்ள 1 கிலோ தீவனத்தில் 280 கிராம் புரதம் இருக்கும். அதற்கு 2,240 முதல் 2,800 கிலோ கலோரி. நம் நாட்டில் வளர்க்கும் பங்கேசியஸ் வேறு இனம். எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். புரதமும் சக்தியும் சமமாய் அமைய வேண்டும் என்ற விதி அதற்கும் பொருந்தும்.

கவனிக்க வேண்டியவை:

1. பச்சை மாவைவிட வெந்த மாவு நன்கு செரிக்கும். மிதவைத் தீவனம் தயாரிக்கும்போதே வெந்துவிடுகிறது. வீட்டில் தயாரிப்போர் மாவை வேகவைத்துச் சேர்க்கவும்.

2. குஞ்சுகளுக்கு உடல் எடைக்கு ஏற்பக் கூடுதல் தீவனமும் கூடுதல் புரதமும் தேவை. மீன் பெருக்கப் பெருக்க இந்த விகிதம் குறையும்.

3. தண்ணீர் குளிர்ந்தால் பசி குறையும். அப்போது அளவைக் குறைக்கவும்.

4. விடியற்காலையில் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. வெயில் ஏறிய பிறகே தீவனம் இடவும்.

5. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பது நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. குஞ்சு வாங்கும்போது இனத்தைக் கேட்டு உறுதி செய்துகொள்ளவும். இறைச்சிக் கழிவைக் குட்டையில் கொட்டுவதும் கூடாது.

ஆகவே, கேட்ட கேள்விக்குப் பதில்: புரதம் மட்டும் கூடினால் போதாது. அடுத்த மூட்டை வாங்குமுன் அதில் அச்சிட்டுள்ள புரதம், கொழுப்பு ஆகிய இரண்டு அளவுகளையும் படித்துப் பாருங்கள். மீன் தின்னாமல் மிதக்கும் ஒவ்வொரு பிடி தீவனமும் வீண்விரயமே.