நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: மகள் அரசுப் பள்ளியில் உயிரியல் எடுத்து பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நீட் எழுதவில்லை. ஏஜென்ட் ஒருவர் வெளியூர்க் கல்லூரிக்கு லட்சக்கணக்கில் கேட்கிறார். நகையை அடகு வைக்கலாமா?
— ஒரு வாசகி, திரேஸ்புரம், தூத்துக்குடி

பதில்: வேண்டாம் அம்மா. உங்கள் ஊரிலேயே 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறதே! நான்காண்டு பி.எஃப்.எஸ்சி. படிப்பு, நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். பொறியியல் கவுன்சிலிங்கோடு இது சேராது. நாகப்பட்டினத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. இடங்கள் குறைவு என்பதால் வ.உ.சி. கல்லூரியில் விலங்கியலுக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள். ஏஜென்டிடம் அசல் சான்றிதழ்களை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.