எந்த நோய்க்கு எந்த மாஸ்க்?

நர்சிங் தேர்வில் நோய் தெரிந்தும் மாஸ்க்கில் கோட்டை விடுபவர்கள் அதிகம். இப்படிப் படியுங்கள்:

1. காசநோய், தட்டம்மை, சின்னம்மை மூன்றையும் ஒன்றாக மனப்பாடம் செய்யுங்கள். என்-95, எதிர்மறை அழுத்த அறை, மூடிய கதவு. கிருமி நெடுநேரம் காற்றில் மிதக்கும். சின்னம்மைக்குக் கையுறையும் கவுனும் சேருங்கள். கொப்புள நீரிலும் கிருமி உண்டு.

2. காசநோயாளியை எக்ஸ்ரேவுக்கு அனுப்பும்போது அவருக்குச் சர்ஜிக்கல் மாஸ்க் போடுங்கள். என்-95 உங்களுக்குத்தான், அவர் இருமுவது வெளியே சிதறாமல் இருந்தால் போதும்.

3. ஃப்ளூ, கக்குவான், தொண்டை அடைப்பான்: சர்ஜிக்கல் மாஸ்க். கனமான துளிகள் அருகிலேயே விழுந்துவிடும்.

4. சி.டிஃப் வயிற்றுப்போக்கா? கையுறை, கவுன் போடுங்கள். கழற்றியதும் சோப்பு போட்டுத் தண்ணீரில் கை கழுவுங்கள். அதன் ஸ்போர்கள் ஆல்கஹாலுக்குச் சாகாது. நான்கு விடைகளில் சானிடைசர்தான் முதலில் கண்ணில் படும், கவனம்.

5. கழற்றும் வரிசையை வீட்டில் கையால் செய்து பழகுங்கள்: கையுறை, கண்ணாடி, கவுன், மாஸ்க். அதிகம் அழுக்கானது முதலில் போக வேண்டும். என்-95 மட்டும் வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகு; முன்பக்கத்தைத் தொடாமல் கீழ்ப்பட்டை, பிறகு மேல்பட்டை. உடனே கை கழுவுங்கள்.

6. ‘இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சளியில் ரத்தம், எடை குறைவு’ என்று கேள்வி வந்தால் சளிப் பரிசோதனைக்கு முன்பே தனி அறையைத் தேர்ந்தெடுங்கள். முடிவு வரும்வரை பக்கத்துப் படுக்கைக்காரர் அதே காற்றைத்தான் சுவாசிப்பார்.